மோட்டாருக்கு நம்பர் உண்டு, வீணைக்கு?

கோயமுத்தூர்ப் பக்கம் தோட்டத்தில் கிடக்கும் பழைய பம்ப்செட் மோட்டாரைத் துடைத்துப் பாருங்கள். கம்பெனி பேர், குதிரைத்திறன், சீரியல் நம்பர் எல்லாம் தகட்டில் இருக்கும். அதே வீட்டுக் கூடத்தில் உறை போட்டுக் கிடத்தியிருக்கும் வீணையை யார் செய்தார்கள், எந்த வருஷம் என்று கேளுங்கள். “அது பாட்டி காலத்துதுங்க” என்பார்கள். அதோடு சரி.

“கலைஞன் பேருக்காகவா வேலை செய்கிறான்?” என்று இதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பொய்.

அமெரிக்காவில் மார்ட்டின் என்றொரு கிட்டார் குடும்பம். ஜெர்மனியிலிருந்து போய் 1833இல் நியூயார்க்கில் கடை போட்டார்கள். சில வருஷங்களில் பென்சில்வேனியாவின் நாசரேத்துக்குக் குடிபோனார்கள். இன்றும் அங்கேதான் செய்கிறார்கள். அவர்களுடைய பழைய கிட்டாரின் ஒலித்துளை வழியாக உள்ளே பார்த்தால், கழுத்து பொருந்தும் கட்டையில் ஒரு எண் இருக்கும். 60000 என்றிருந்தால் அது 1935. வாதமே கிடையாது.

“அது ஃபேக்டரி, நம்முடையது கைவேலை” என்பீர்கள். எண் போட மெஷின் எதற்கு? அந்தக் குடும்பமும் ஆதியிலிருந்து எண் போடவில்லை. நாசரேத்துக்குப் போன பிறகும் பல காலம் ‘நியூயார்க்’ என்றே முத்திரை குத்தினார்கள். அந்தக் காலத்துக் கிட்டார்களுக்கு வருஷம் சொல்ல இன்றும் நிபுணர்கள் திணறுகிறார்கள். 1898இல், மூன்றாம் தலைமுறையில்தான், அதுவரை செய்ததை உத்தேசமாக 8000 என்று வைத்து எண்ணத் தொடங்கினார்கள். அறுபத்தைந்து வருஷம் கழித்து எடுத்த ஒரு முடிவு, அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், 1969வாக்கில் அவர்கள் பிரேசில் மரத்தை விட்டு இந்திய ஈட்டி மரத்துக்கு மாறினார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே ஈட்டி. கிட்டாரின் வயதைக் கணிப்பவர்களுக்கு அந்த மாற்றமும் ஒரு அடையாளம். நம் மரத்துக்கு அங்கே வருஷம் இருக்கிறது. நம் பலா மர வீணைக்கு இங்கே இல்லை.

தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. ஆனால் அது ஊரின் பேர், ஆளின் பேர் அல்ல. வாசித்தவர் பேரை மட்டும் நாம் மறப்பதில்லை. மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களின் கதை பரவலாகப் பேசப்பட, டி.எம்.கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது. மேடையில் இருப்பவனுக்குப் பேர், தோல் பதப்படுத்துகிறவனுக்குப் பணிவு! பேர் போடும் உரிமை உள்ளவன் போடாமல் விட்டால் அது பணிவு. மற்றதெல்லாம் புறக்கணிப்பு.

இதில் காசும் இருக்கிறது. வருஷம் தெரியாத வாத்தியத்துக்கு வயது சொல்பவர் யாவாரி. விலையும் அவர் சொல்வதுதான்.

அடுத்த முறை வீணைக்கோ மிருதங்கத்துக்கோ ஆர்டர் கொடுக்கும்போது ஒன்று கேளுங்கள். மூடுவதற்கு முன்னால் உள்ளே பேரும் ஊரும் வருஷமும் எழுதித் தரச் சொல்லுங்கள். பட்டறையில் ஒரு நோட்டும் வைக்கட்டும். ஒரு பென்சில் செலவு, அவ்வளவுதானுங்க.