சோர்ந்துபோகிறவருக்கு ஒரு கடிதம்

"உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்று சபையில் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். என்ன போராட்டம் என்று கேட்பதில்லை. 1791 பிப்ரவரி 24 அன்று, அடிமை வணிகத்தை எதிர்த்துப் போராடிய பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸுக்கு, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி தம் 87 வயதில் எழுதிய கடிதம் அப்படியல்ல. அன்று காலைதான் ஓர் ஆப்பிரிக்கர் எழுதிய நூலை வாசித்திருந்தார். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பரின் சாட்சியம் செல்லாது என்ற காலனிச் சட்டம் அவரை உலுக்கியிருந்தது. தேவன் உங்களை இதற்கென்று எழுப்பாவிட்டால் எதிர்ப்பிலேயே தேய்ந்துபோவீர்கள் என்று மறைக்காமல் எழுதினார். பிறகு, நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதீர்கள் என்று தேற்றி, தேவன் அவரைப் பெலப்படுத்தும்படி வேண்டி முடித்தார். சீஷனுக்குத் தேவை இந்த உண்மையும் இந்த ஜெபமும் சேர்ந்த ஊக்கம்தான். வெறும் முதுகுதட்டல் அல்ல. மார்ச் 2-இல் வெஸ்லி மறைந்தார். ஏப்ரலில் வில்பர்ஃபோர்ஸின் முயற்சி நாடாளுமன்றத்தில் தோற்றது. 1807-இல் தடைச் சட்டம் நிறைவேறும்வரை அவர் அதை விடவேயில்லை.