பிரிந்த பின் பி.எப். பணம் யாருக்கு?

"நந்தி கல்யாணம் பார்த்தால் முந்தி கல்யாணம்" என்பது கொள்ளிடக் கரையில் வழங்கும் பழமொழி. அரியலூர் மாவட்டம் திருமழபாடியில் பங்குனி மாதம் புனர்பூச நட்சத்திரத்தன்று நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் திருக்கல்யாணம் நடக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் திருவையாற்றிலிருந்து ஆற்றைக் கடந்து வருகிறார்கள். கல்யாண வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர்கள் கூட்டம் கூட்டமாக வந்து தரிசித்துப் போகிறார்கள்.

கல்யாணம் கூடிவர வேண்டிக்கொள்ள இப்படி ஓர் இடம் இருக்கிறது. கூடிய கல்யாணம் முறிந்துபோனால் எங்கே போவது? கோர்ட்டுக்குத்தான். அங்கே நகைக்காக வழக்காடுகிறார்கள். வீட்டுக்காக வழக்காடுகிறார்கள். குழந்தை யாரிடம் வளர்வது என்று வழக்காடுகிறார்கள். ஆனால் ஒரு சொத்தைப் பலர் மறந்தே போகிறார்கள். அதுதான் பி.எப். என்று நாம் சொல்லும் சேமநல நிதி.

கண்ணில் படாத சொத்து

அரியலூர் வட்டாரம் சுண்ணாம்புக்கல் பூமி. அதனால்தான் இங்கே சிமெண்டு ஆலைகள் வந்தன. வயலை நம்பி வாழ்ந்த குடும்பங்களில் மாதச் சம்பளக்காரர்களும் உண்டானார்கள். சம்பளத்தில் நூற்றுக்கு 12 வீதம் பி.எப்.புக்குப் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு போடுகிறார். அதில் ஒரு பகுதி பென்ஷனுக்குப் போகிறது. மீதி தொழிலாளி கணக்கில் சேருகிறது. 2024-25-ஆம் ஆண்டுக்கு வட்டி 8.25 சதவிகிதம்.

இருபது வருஷம் குடித்தனம் நடத்திய ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். கணவன் ஆலைக்குப் போனான். மனைவி சமைத்தாள்; பிள்ளைகளை வளர்த்தாள்; படுத்துவிட்ட மாமியாரைக் கவனித்தாள். மாதாமாதம் பிடித்தம் போக வந்த சம்பளத்தில்தான் அவள் குடும்பத்தை ஓட்டினாள். அதாவது, அந்தப் பி.எப். பணம் அவள் சிக்கனத்திலும் சேர்ந்த பணம். ஆனால் கணக்கு அவன் பெயரில். அவள் பெயரில் ஒரு காசு கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் 25-வது பிரிவு ஜீவனாம்சத்துக்கு வழி செய்கிறது. மொத்தத் தொகையாகவோ மாதாமாதமோ கொடுக்கும்படி கோர்ட்டு உத்தரவிடலாம். மனைவி கணவனிடம் கேட்கலாம். கணவனும் மனைவியிடம் கேட்கலாம். இருவருடைய வருமானமும் சொத்தும் பார்க்கப்படும். அந்தக் கணக்கில் பி.எப்.பையும் காட்டி வாதாடலாம்.

ஆனால், "இந்தக் கணக்கில் பாதியை மனைவி பெயருக்கு மாற்று" என்று பி.எப். ஆபீசுக்கே உத்தரவிட அந்தச் சட்டத்தில் தனி வழி எதுவும் சொல்லப்படவில்லை.

1952-இல் வந்த பி.எப். சட்டம் இந்தப் பணத்தைச் சுற்றி ஒரு வேலி போட்டது. கடன்காரன் ஜப்தி செய்ய முடியாது. தொழிலாளியின் முதுமைக் கஞ்சியை யாரும் பறிக்கக்கூடாது என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த வேலி மனைவியையும் வெளியே நிறுத்திவிட்டது!

சம்பளத்தின் கதை வேறு. ஜீவனாம்சத் தீர்ப்பை நிறைவேற்ற, சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை பிடிக்க சிவில் சட்டம் இடம் தருகிறது. பென்ஷனிலும் பிடிக்கலாம் என்று சொன்ன நீதிபதிகள் உண்டு. பி.எப். மட்டும் எட்டாக் கனியாக நிற்கிறது.

இரண்டு பக்கமும் நஷ்டம்

கணக்கைப் பிரிக்க வழியில்லாததால் என்ன நடக்கிறது? மொத்த ஜீவனாம்சம் பேசி முடிந்ததும், விதி அனுமதிக்கும் அளவுக்குப் பி.எப். பணத்தை எடுத்துக் கொடுக்கப் பார்க்கிறான் கணவன். 3 லட்சம் ரூபாய் எடுக்கிறான் என்று வையுங்கள். அதே 8.25 சதவிகித வட்டி நீடித்தால், 20 வருஷத்தில் அந்தப் பணம் சுமார் 14 லட்சத்து 60 ஆயிரம் ஆகியிருக்கும். அது போயிற்று. வாங்கிய மனைவியாவது அதைப் பத்திரமாக வைக்க முடிகிறதா? வீட்டு வாடகை, பிள்ளைகள் படிப்பு, வக்கீல் பீஸ் என்று கரைந்துவிடுகிறது. அறுபது வயதில் இருவர் கையும் காலி.

மனைவிக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு. தொழிலாளி இறந்தால் பென்ஷன் திட்டத்தின்படி அவன் மனைவிக்குப் பென்ஷன் வரும். விவாகரத்து ஆனவளுக்கு அது கிடையாது. பிள்ளைகளின் உரிமை மட்டும் அறுபடுவதில்லை. 25 வயது வரை அவர்களுக்கு உண்டு. ஆகவே விவாகரத்துப் பத்திரத்தில் போடும் ஒரு கையெழுத்து, வருங்காலப் பென்ஷனையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிடுகிறது. போடும்போது இதை நினைப்பவர்கள் எத்தனை பேர்?

மற்ற நாடுகளில்

அமெரிக்காவில் 1984-இல் வந்த ஒரு சட்டப்படி, கோர்ட்டு உத்தரவைக் காட்டி ஓய்வுக்காலக் கணக்கையே பிரிக்கலாம். இங்கிலாந்தில் 2000 டிசம்பர் முதல் பென்ஷனைப் பங்கிட வழி இருக்கிறது. அங்கேயும் செலவு இல்லாமல் இல்லை. கணக்கை மதிப்பிடக் கூலி, உத்தரவு எழுத வக்கீல் கூலி என்று ஆகத்தான் செய்கிறது. ஆனால் பணம் முதுமைக்கென்றே இரண்டு பெயர்களில் இருக்கிறது.

நம் ஊரிலும் காற்று மாறி வீசுகிறது. நெய்வேலியிலும் பிறகு சவூதி அரேபியாவிலும் வேலை பார்த்த ஒருவரின் குடும்ப வழக்கில், 2023 ஜூன் மாதம் சென்னை ஐகோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொன்னது. கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் கலந்திருக்கிறது; எனவே அவளுக்கும் சம பங்கு உண்டு என்பது அதன் சாரம். அது விவாகரத்து வழக்கு அல்ல, பி.எப். பற்றியதும் அல்ல. ஆனால் நியாயம் ஒன்றுதானே? சம்பளத்தில் வாங்கிய மனைக்குப் பொருந்தும் நியாயம், அதே சம்பளத்தில் பிடித்த பணத்துக்கு ஏன் பொருந்தக்கூடாது?

என்ன செய்யலாம்?

ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பாரும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் சொல்ல வேண்டும் என்று 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதில் பி.எப்., கிராஜுவிட்டி இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள். பேச்சுவார்த்தையில் பி.எப். எவ்வளவு, பென்ஷன் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு தொகை பேசுங்கள். பி.எப்.பை உடைக்காமல், மனையாகவோ மாதத் தொகையாகவோ ஈடுகட்ட முடியுமா என்று கணவனும் யோசிக்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று பெண்கள் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம்.

சர்க்கார் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வேலியை இடிக்க வேண்டாம். அதில் ஒரு வாசல் வைத்தால் போதும். விவாகரத்துத் தீர்ப்பைக் காட்டினால், குடித்தனம் நடந்த வருஷங்களில் சேர்ந்த பணத்தில் ஒரு பங்கு மனைவி பெயரில் புதுக் கணக்காக மாற வேண்டும். அதை அவளும் முதுமை வரை தொடக்கூடாது.

பிரிவது சில பேருக்குத் தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால், சேர்ந்து உழைத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் முதுமையில் சோறு என்பது நியாயம் ஆகாது.