இரவல் டேபிள்களும் தீபாவளி மாதமும்

பி.காம் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே எல்லோருக்கும் புரிந்துவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. பேலன்ஸ் ஷீட்டை யாரும் புதிதாகக் கண்டுபிடிப்பதில்லை! 1956 கம்பெனிச் சட்டத்தில் ஆறாவது அட்டவணை, 2013 சட்டத்தில் மூன்றாவது அட்டவணை என்று எந்தத் தலைப்பு எங்கே வர வேண்டும் என்பதை அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். பேங்க், இன்சூரன்ஸ் மாதிரி சிலருக்கு மட்டும் வேறு படிவம். மற்றபடி சிமெண்ட் கம்பெனியும் சரி, பிஸ்கட் கம்பெனியும் சரி, ஒரே படிவம்தான். "எங்க கம்பெனி தனி ரகம் சார், எங்களுக்குத் தனியா ஒரு பேலன்ஸ் ஷீட் வேணும்" என்று ஆடிட்டரிடம் போய்ச் சொன்னால் சிரித்துவிடுவார்.

அதே மாணவர்கள் மூன்றாம் வருடம் "சூப்பர் மார்க்கெட் பில்லிங் சிஸ்டம்" என்று ப்ராஜெக்ட் செய்ய உட்காரும்போது என்ன நடக்கிறது? ஒரு வெற்றுத்தாளை எடுத்து கஸ்டமர் டேபிள், சப்ளையர் டேபிள், ப்ராடக்ட் டேபிள், பில் டேபிள் என்று நாலு கட்டம் போடுகிறார்கள். டிசைன் முடிந்தது, டீ குடிக்கப் போகலாம்! கணக்குக்கு 1494-ல் வெனிஸில் லூக்கா பச்சோலி அச்சேற்றிய இரட்டைப் பதிவு முறையை இன்று வரை இரவல் வாங்குகிறவர்களுக்கு, டேபிளை மட்டும் இரவல் வாங்க ஏனோ கூச்சம். அப்படி வாங்கினால் காப்பி அடித்த மாதிரி என்று ஓர் எண்ணம்.

டேபிள் டிசைனுக்கும் அச்சு வார்ப்புகள் எப்போதோ வந்துவிட்டன. 1996-ல் டேவிட் ஹே எழுதிய புத்தகம் பல தொழில்களில் திரும்பத் திரும்ப வரும் டேட்டா அமைப்புகளைத் தொகுத்துக் கொடுத்தது. அதே வருடம் ரால்ஃப் கிம்பால், டேட்டா வேர்ஹவுஸுக்கு அதே வேலையைச் செய்தார். மளிகைக் கடை விற்பனையில் ஆரம்பித்து ஒவ்வொரு தொழிலாக எடுத்துக்கொண்டு ஃபேக்ட் டேபிள், டைமென்ஷன் டேபிள் என்று பிரித்துக் காட்டினார். 1997-ல் லென் சில்வர்ஸ்டன், பில் இன்மன், கென்ட் கிராசியானோ மூவரும் சேர்ந்து ஒரு டேட்டா மாடல் நூலகத்தையே புத்தகமாகப் போட்டார்கள். 2001-ல் சில்வர்ஸ்டன் அதை இரண்டு தொகுதிகளாக விரித்தார், 2009-ல் மூன்றாவதும் வந்தது. காசு கொடுத்துப் புத்தகம் வாங்க முடியாதவர்கள் அப்பாச்சி ஓஎஃப்பிஸ் என்ற இலவச மென்பொருளை இறக்கிப் பார்க்கலாம். அதன் டேபிள்கள் பெரும்பாலும் சில்வர்ஸ்டன் காட்டிய வழியில் போனவைதான்.

சரி, வெற்றுத்தாள்காரர்கள் எதைத் தவறவிடுகிறார்கள்?

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி மண்டிக்காரர் கடைக்கு மூட்டை போடுகிறார். அவரே தன் வீட்டுக்கு மாதச் சாமான் அந்தக் கடையில் கடனுக்கு வாங்குகிறார். நாலு கட்ட டிசைனில் அவர் சப்ளையர் டேபிளில் ஒரு தடவை, கஸ்டமர் டேபிளில் ஒரு தடவை என்று இரண்டு ஆளாகிவிடுவார். போன் நம்பரை ஓரிடத்தில் மாற்றினால் இன்னொன்றில் பழையதே இருக்கும். அவருக்குக் கொடுக்க வேண்டியது 40,000, அவரிடமிருந்து வர வேண்டியது 6,000 என்றால், முழு 40,000-க்கும் செக் எழுதிவிட்டு 6,000-ஐ மாதக் கணக்கில் தேடிக்கொண்டிருப்பார்கள். செல்ஃப் பேலன்சிங் லெட்ஜர் படித்தவர்களுக்கு இந்த ஆசாமி புதியவர் அல்ல. டெட்டர்ஸ் லெட்ஜரிலிருந்து கிரெடிட்டர்ஸ் லெட்ஜருக்கு மாற்றும் அந்த டிரான்ஸ்ஃபர் என்ட்ரிக்குச் சொந்தக்காரரே அவர்தான்! பரீட்சைக்காக அதைப் போட்டுப் பழகியவர்கள்தான் டேபிள் போடும்போது மறந்துவிடுகிறார்கள்.

சில்வர்ஸ்டன் மாடலில் கஸ்டமர், சப்ளையர் என்று தனித்தனி ஆட்கள் கிடையாது. 'பார்ட்டி' என்று ஒரே டேபிள், அதில் மனிதரும் உண்டு, நிறுவனமும் உண்டு. அவர் வாங்குகிறாரா, விற்கிறாரா, வேலை பார்க்கிறாரா என்பது 'ரோல்' என்ற வேறு டேபிளுக்குப் போய்விடும். நம்மூர்க் கடைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக "அந்தப் பார்ட்டி வந்தாரா?" என்றுதான் கேட்கிறார்கள். பேரேட்டிலும் பார்ட்டி கணக்குதான். அமெரிக்காவிலிருந்து வந்த இந்த டெம்ப்ளேட் பாளையங்கோட்டை மண்டியிலும் பொருந்துவதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது தேதி. நல்ல டெம்ப்ளேட் எதைத் திறந்தாலும் விலை, முகவரி, பொறுப்பு என்று பாதி டேபிள்களில் 'இந்தத் தேதியிலிருந்து', 'இந்தத் தேதி வரை' என்று இரண்டு ஃபீல்டு உட்கார்ந்திருக்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு வீண் வேலையாகத் தெரியும். அது எதற்கு என்பது 2025 செப்டம்பர் 22 அன்று பலருக்குப் புரிந்திருக்கும். அன்றைக்குத்தான் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. ஷாம்பூ, டூத்பேஸ்ட், குளியல் சோப்பு எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. ப்ராடக்ட் டேபிளில் 'வரி' என்று ஒரே ஒரு ஃபீல்டு வைத்திருந்தவர் 18-ஐ அழித்து 5 போட்டிருப்பார். இப்போது செப்டம்பர் 10-ம் தேதி வாங்கிய ஷாம்பூவை ஒருவர் 25-ம் தேதி திருப்பிக் கொண்டுவருகிறார். அடக்க விலை... மன்னிக்கவும், வரிக்கு முந்தைய விலை 100 ரூபாய். அவர் கொடுத்தது 118. கிரெடிட் நோட்டும் பழைய வரியோடு 118-க்குத்தான் வர வேண்டும். பில்லிலேயே விகிதத்தை எழுதி வைக்காமல் ப்ராடக்ட் டேபிளைப் பார்த்துக் கணக்குப் போடுகிற மென்பொருள் 105 என்று காட்டும். 13 ரூபாய்க்குச் சண்டை, அதைவிடப் பெரிய சண்டை ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது.

கிம்பால் இதற்கே ஒரு தனி அத்தியாயம் மாதிரி விளக்கம் வைத்திருக்கிறார். மெதுவாக மாறும் டைமென்ஷன் என்று பெயர். பழையதை அழித்துப் புதியதை எழுதுவது முதல் வகை, பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புது வரிசை சேர்ப்பது இரண்டாம் வகை. பென்சிலால் எழுதி ரப்பரால் அழிப்பதற்கும், பேரேட்டில் அடுத்த வரியில் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். காமர்ஸ் மாணவருக்கு எது சரி என்று சொல்லித் தர வேண்டுமா என்ன?

ஜிஎஸ்டி நம்பரும் இப்படித்தான் காலை வாரும். 15 எழுத்துள்ள அந்த எண்ணில் முதல் 2 இலக்கம் மாநிலத்துக்கானது (தமிழ்நாடு 33, கேரளா 32), அடுத்த 10 பான் நம்பர். ஒரே கம்பெனி சென்னையிலும் கொச்சியிலும் கிளை வைத்திருந்தால் இரண்டு ஜிஎஸ்டி நம்பர். பார்ட்டி டேபிளிலேயே 'ஜிஎஸ்டி நம்பர்' என்று ஒரு ஃபீல்டு வைத்தவர் அந்தக் கம்பெனியை இரண்டாகப் பிளந்துதான் நுழைக்க முடியும். அடையாள எண்களைத் தனி டேபிளில் வைக்கிற பழக்கம் டெம்ப்ளேட்களில் ஜிஎஸ்டி வருவதற்கு (2017 ஜூலை 1) முன்பிருந்தே இருக்கிறது. அதை எழுதியவர்களுக்கு ஜோசியம் தெரியாது, நிறைய கம்பெனிகளில் அடிபட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்து ஒட்டிவிடலாம் என்று கிளம்பினால் அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. எழுதியவர் பார்த்த உலகம்தான் டெம்ப்ளேட்டில் இருக்கும். அவர் பார்க்காதது இருக்காது.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு மாடல்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு ஃபீல்டு சாதாரணம், பல இடங்களில் கடைசிப் பெயர் கட்டாயமும்கூட. க. செல்வி என்பவர் அங்கே என்ன எழுதுவார்? ஒரு கவுண்டரில் அப்பா பெயர் கந்தசாமி கடைசிப் பெயராகும். இன்னொரு கவுண்டரில் வெறும் 'க'. மூன்றாவது இடத்தில் கந்தசாமி முதலிலும் செல்வி கடைசியிலும் வந்து, குறுஞ்செய்தி "அன்புள்ள கந்தசாமி" என்று போகும். மூன்று கிளைகளின் டேட்டாவையும் வேர்ஹவுஸில் கொட்டிச் சேர்க்கும்போது செல்வி மூன்று பேர். "மூன்று புது வாடிக்கையாளர்கள் கிடைத்தார்கள்" என்று முதலாளிக்கு ரிப்போர்ட் போகும்!

தேதி டைமென்ஷனும் அப்படித்தான். வேர்ஹவுஸ் உலகில் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு இரவல் வாங்குவது இதைத்தான். ஒரு நாளுக்கு ஒரு வரிசை, பத்து வருடத்துக்குச் சுமார் 3,650 வரிசை. கிழமை, மாதம், காலாண்டு எல்லாம் முன்கூட்டியே நிரப்பியிருக்கும். நிதியாண்டை ஏப்ரலுக்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஒரு ஜவுளிக் கடையின் விற்பனையை இதை வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். 2022-ல் தீபாவளி அக்டோபர் 24, 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. 2022 அக்டோபரோடு 2023 அக்டோபரை வைத்துப் பார்த்தால் கடை படுத்துவிட்ட மாதிரி இருக்கும். நவம்பரைப் பார்த்தால் ஆகாயத்தில் பறக்கும். உண்மையில் பண்டிகை நகர்ந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ஆடித் தள்ளுபடியும் லேசுப்பட்டதல்ல. ஆடி ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. மாதவாரியாகப் பிரிக்கிற எந்த ரிப்போர்ட்டும் அதை இரண்டாக வெட்டித்தான் காட்டும். அக்டோபர் சரிந்தது என்று பயந்து ஒரு முதலாளி சரக்கு ஆர்டரைக் குறைத்தால், தீபாவளி வாரத்தில் அலமாரி காலியாக இருக்கும். நஷ்டம் டெம்ப்ளேட் எழுதியவருக்கு அல்ல.

இதற்கு வைத்தியம் பெரிய விஷயமில்லை. தேதி டேபிளில் 'தமிழ் மாதம்' என்று ஒரு ஃபீல்டு, 'தீபாவளிக்கு எத்தனை நாள் முன்பு' என்று ஒரு ஃபீல்டு. ஒரு காலண்டரும் அரைநாள் உழைப்பும் போதும். ஆனால் அந்த இரண்டு ஃபீல்டும் எந்தப் புத்தகத்திலும் வராது. கடையில் பத்து வருடம் பில் போட்ட அண்ணாச்சியிடம் போய்க் கேட்டால்தான் வரும். கேட்கப் போகும்போதும் வெறுங்கையோடு போவதைவிட டெம்ப்ளேட்டின் அச்சுப் பிரதியோடு போவது நல்லது. "அண்ணாச்சி, உங்க கடையில டேட்டா எப்படி இருக்கு?" என்றால் அவர் முழிப்பார். "ஒரே ஆள்கிட்ட வாங்கவும் செய்வீங்களா, விக்கவும் செய்வீங்களா? வெலை மாறினா பழைய வெலை எதுக்காவது வேணுமா?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டால் கதை கதையாகக் கொட்டுவார்.

எல்லாக் கடைக்கும் இத்தனை டேபிள் தேவையா என்றால், இல்லை. ஒரு கல்லா, இரண்டு பையன்கள், கடன் நோட்டு ஒன்று என்று ஓடுகிற கடைக்குப் பார்ட்டி, ரோல், உறவு, முகவரி வகை என்று முப்பது டேபிள் போட்டுக் கொடுத்தால், ஒரு பாக்கியைத் தெரிந்துகொள்ள ஏழு டேபிளைக் கோக்க வேண்டி வரும். எழுதிக் கொடுத்த மாணவர் படிப்பு முடிந்து போனதும் அதைத் தொட ஆள் இருக்காது, கடைக்காரர் மறுபடியும் நோட்டைத் திறப்பார். அங்கே பில்லில் விகிதத்தையும் தேதியையும் அன்றன்றைக்கு எழுதி வைத்து, ஆளை ஒரே இடத்தில் வைத்தாலே போதும். மீதி இருபத்தெட்டு டேபிள் இரண்டாவது கிளை திறக்கும்போது வரட்டும்.