காயலான் கடைக்கு ஒரு வக்காலத்து

பூம்பாறையையும் தாண்டிப் போனால் கூக்கால் வரும். மலைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகிற ஊர். சென்ற மாதம் அங்கே ஓர் அம்பாஸடர் வண்டியைப் பிரித்துப் போட்டார்கள். மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்ததன் பலனாகச் சர்க்காரோடு எனக்கு ஒரு சண்டை மூண்டிருக்கிறது. பழைய வண்டிப் பிரியர்களோடு இன்னொரு சண்டை. இரண்டையும் இங்கேயே தீர்த்துக்கொள்கிறேன்.

வண்டி 1982-ஆம் வருஷத்தது, 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், கியர்க்கம்பு ஸ்டியரிங்குக்குக் கீழே. முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவே கம்பு சிக்கிக்கொண்டால் சொந்தக்காரப் பெரியவர் இறங்குவார்; பானெட்டைத் திறந்து, ஸ்பானரால் ஓரிடத்தில் ஒரு தட்டுத் தட்டுவார்; ஒன்றும் நடவாததுபோல் ஏறி உட்காருவார். வலப்பக்கம் ஒடித்துத் திருப்பினால் ஹாரன் தானாகவே அலறும். வெயில் நாளில் மலை ஏறும்போது பெட்ரோல் பம்பில் ஆவி அடைத்துக்கொண்டு வண்டி நின்றுவிடும். பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிவிட்டு, நிதானமாக ஒரு வெற்றிலை போட்டு முடித்தால் மறுபடி கிளம்பும். கொடைக்கானல் இருக்கிற 7,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கீழே இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். மனிதருக்கு மூச்சு வாங்குகிற இடத்தில் எஞ்சினுக்கு வாங்காதா?

இப்படி உழைத்த வண்டிக்குச் சட்டம் என்ன மரியாதை செய்கிறது? பதினைந்து வருஷம் ஆன காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம், 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆயிற்று. இருபது வருஷத்தைத் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். அதையே உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கினால், புது வண்டியின் வரியில் 25 சதம் வரை சலுகை தரலாம் என்கிறது விதி. ஐம்பது வருஷம் கழிந்து, உருமாறாமல் இருந்தால் மட்டும் அது பாரம்பரிய வண்டி! 2021-இல் வந்த விதிப்படி அதற்குத் தனி எழுத்துப் போட்ட எண்பலகைகூட உண்டு. ஆனால் அன்றாட வேலைக்கு அதை ஓட்டக்கூடாது. உழைக்கிற கிழவனுக்கு அபராதம். உட்கார்ந்திருக்கிற கிழவனுக்கு மாலை. நல்ல நியாயம்!

"புகை?" என்பீர்கள். புகை கக்கும் வண்டி ஓடக்கூடாது என்பதில் எனக்கும் உங்களுக்கும் தகராறே இல்லை. பழைய எஞ்சின் புது எஞ்சினைவிட அதிகம் கெடுக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புகையை அளக்கக் கருவி இருக்கும்போது வயதை எதற்கு அளக்கிறீர்கள்? மாதம் இரண்டு தடவை பூண்டு மூட்டையோடு கீழே இறங்கும் வண்டியும், நாள் முழுதும் நகரத்தில் அலையும் வண்டியும் ஒரே கணக்கா? எஞ்சின் செய்த குற்றத்துக்குக் கதவையும் அச்சையும் நசுக்குவானேன்?

இனி, பிரியர்கள். பெரியவரின் வண்டியில் எஞ்சின் பிளாக் வெடித்துவிட்டது. விஷயம் தெரிந்து பட்டணத்திலிருந்து ஒருவர் வந்தார். பெயின்ட் அடித்து, விடுதி வாசலில் நிறுத்தி வைக்க வேண்டுமாம். இரும்பு விலையைப்போல் இரண்டு மடங்கு கொடுப்பதாகச் சொன்னார். அவர் போனபிறகு பெரியவர் என்னிடம் கேட்டார்: "வாசல்ல நிக்கிறதுக்கு அது என்ன காவக்காரனா தம்பி?"

வத்தலக்குண்டிலிருந்து மெக்கானிக் வந்தார். சாக்கை விரித்து ஒவ்வொன்றாய்க் கழற்றி வைத்தார். கியர்ப் பெட்டியும் அதன் கம்பிகளும், ரேடியேட்டரும், ஸ்டியரிங்கும் கீழே ஒரு பட்டறையில் படுத்துக் கிடக்கும் இன்னோர் அம்பாஸடருக்கு. பின்சக்கர வில்பட்டைகள் கொல்லருக்கு. அரிவாள் அடிக்க அதைவிட நல்ல இரும்பு கிடையாது. முன்பக்கத்து நீள ஸீட்டு டீக்கடைக்கு. கடைசியில் பெரியவர் அந்த ஸ்பானரைக் கொண்டுவந்து கொடுத்தார். "இதையும் சேத்துக் குடுத்துருப்பா. எங்க தட்டணும்னு சொல்லிரு."

"சரிங்கய்யா" என்று வாங்கி வைத்துக்கொண்டார் மெக்கானிக்.

வங்காளத்து உத்தரபாராத் தொழிற்சாலை 2014 மே மாதத்தில் அம்பாஸடர் செய்வதை நிறுத்திவிட்டது. இனி அந்த இனத்தில் பிறப்பு இல்லை. ஒரு வண்டி கண்ணை மூடினால்தான் இன்னொன்று கண் திறக்கும். முழு வண்டியாக நசுக்கும் யந்திரத்துக்கு இது தெரியாது. வாசலில் நிறுத்தி மெருகு போடுகிறவருக்கும் தெரியாது. சென்னைப் புதுப்பேட்டைக் கடைக்காரருக்குத் தெரியும்.

காயலான் கடையில் திருட்டுச் சாமான் விற்குமே என்று கேட்பார்கள். விற்பதுண்டு. அதற்கு வழி கணக்கு. ஒரு வண்டி அழிந்தால் 14 நாளைக்குள் தெரிவித்துப் பதிவுப் புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும் என்று 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமே சொல்லுகிறது. பெரியவர் அப்படித்தான் செய்தார். அதேபோல் பிரிக்கிறவரும் எந்த வண்டியின் எந்த உறுப்பு யாருக்குப் போயிற்று என்று எழுதி வைக்கட்டும், ரசீது கொடுக்கட்டும். சலுகையை நசுக்குகிறவருக்கு மட்டும் வைக்காமல், பிரித்துக் கொடுக்கிறவருக்கும் வையுங்கள். கட்டணத்தை வயதுக்குப் போடாமல் புகைக்குப் போடுங்கள்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. மூன்று நாள் ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்க்கிற பொறுமை வேண்டும்.