அடுக்களையிலிருந்து வந்த கேள்வி

சாய்வு நாற்காலியிலே அமர்ந்து சமத்துவம் பேசிடும் சீமான்களை எந்த நாட்டிலும் காணலாம். அந்தப் பேச்சை அடுக்களையிலே இருக்கும் அடிமை கேட்டு, "எங்கே என் பங்கு?" என்று கை நீட்டினால்?

நீட்டினாள் ஒருத்தி! அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஷெபீல்டு எனும் ஊரில்.

அங்கே கர்னல் ஜான் ஆஷ்லி பெரும் செல்வர். 1773ல் அவர் மாளிகையிலேதான் ஊர்ப் பெரியவர்கள் கூடினர். மனிதர் யாவரும் இயற்கையில் சமம் என்று பிரிட்டிஷ் ஆட்சியின் முகத்துக்கு நேரே தீர்மானம் தீட்டினர். அந்தக் குழுவின் எழுத்தர், தியோடர் செட்ஜ்விக் என்ற இளம் வழக்கறிஞர். கூடத்திலே சமத்துவம்! அதே மாளிகையின் அடுக்களையிலே பெட் என்ற கறுப்பினப் பெண், அடிமை!

ஒரு நாள் எஜமானி, தணல் அள்ளும் இரும்புக் கரண்டியைப் பழுக்கப் பழுக்க எடுத்து வேறொரு பெண்ணை அடிக்க ஓங்கினாள். குறுக்கே பாய்ந்து, தன் கரத்திலே தாங்கினாள் பெட். புண்ணை மூடி மறைத்தாளா? இல்லை. கையிலே என்ன என்று எஜமானியின் எதிரிலே எவரேனும் கேட்டால், "அம்மாவையே கேளுங்கள்" என்பாளாம்!

1780ல் மாநிலத்துக்கு அரசியல் சட்டம் வந்தது. பிறப்பிலே எல்லோரும் சுதந்திரர், சமமானவர் என்றது அது. படிக்கத் தெரியாதவள் பெட்; ஆனால் காது இருந்ததே! நேரே செட்ஜ்விக்கிடம் சென்றாள். அந்தச் சட்டம் எனக்கு இல்லையா என்று கேட்டாள்.

வந்தவள் அடிமை; எதிரியோ, தம்முடன் அமர்ந்து தீர்மானம் தீட்டிய பெரிய மனிதர். கதவைச் சாத்தியிருக்கலாம் செட்ஜ்விக். சாத்தவில்லை. ப்ரோம் என்ற மற்றோர் அடிமையும் சேர, வழக்குத் தொடுத்தார். 1781 ஆகஸ்டில், கிரேட் பாரிங்டன் நீதிமன்றத்திலே ஜூரிகள் சொன்னார்கள்: இவர்கள் அடிமைகள் அல்லர்! ஆஷ்லி 30 ஷில்லிங் நட்ட ஈடும் தர வேண்டும்!

இதற்காகச் செட்ஜ்விக்குக்குச் சிலை வைக்கச் சொல்லவில்லை நான். 1786ல் கடன் தொல்லை தாளாமல் டேனியல் ஷேஸ் தலைமையில் உழவர்கள் கிளர்ந்தபோது, அடக்குவோர் பக்கமே நின்றார் அவர். கலகக்காரர்கள் அவர் வீட்டுக்குள்ளேயே நுழைந்தனர். பிறகு 1799ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குச் சபாநாயகராகவும் ஆனார். அடிமையின் கேள்விக்குத் திறந்த செவி, கடனாளி உழவனுக்குத் திறக்கவில்லையே!

பெட்? எலிசபெத் பிரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டார் அந்த அம்மையார். பிரீமன் என்றால் சுதந்திர மனிதர். கூலி தருகிறேன், திரும்பி வா என்று அழைத்தார் ஆஷ்லி. போகவில்லை. செட்ஜ்விக் வீட்டிலே கூலிக்கு வேலை செய்தார். சேர்த்த பணத்திலே சொந்த வீடு வாங்கினார்.