சாலையின் எண் பயணிக்கு உரியது

செங்கல்பட்டு மாவட்டத்திலும் மாமல்லபுரம் கரையோரத்திலும் சாலையை நம்பிப் பிழைக்கும் ஓட்டுநர்கள், கடைக்காரர்கள், மீனவக் கிராமத்தவர், சுற்றுலா வழிகாட்டிகள் ஆகியோர் சேர்ந்தது எங்கள் அமைப்பு. நெடுஞ்சாலைகளுக்கு எண் இடுவது பற்றியும் அவற்றை வரைபடத்தில் காட்டுவது பற்றியும் எங்கள் நிலைப்பாட்டை இங்கே வெளியிடுகிறோம். ஒரு சாலையை எந்தத் துறை பராமரிக்கிறது என்பது அரசுகள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும் வேலை. எண்ணோ அதில் போகிறவருக்காக இடப்படுவது. பொறுப்பு கைமாறும் இடத்திலெல்லாம் எண்ணும் அறுந்துபோகக் கூடாது, அது நாட்டின் எல்லையே ஆனாலும்.

தாம்பரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் வழியாகப் போகும் ஜி.எஸ்.டி. சாலை பல பத்தாண்டுகள் தேசிய நெடுஞ்சாலை 45 ஆக இருந்தது. சென்னையில் ஏறினால் விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல் தாண்டித் தேனி வரை அதே எண்தான். 2010இல் மத்திய அரசு நாடு முழுவதும் எண்களை மாற்றியது. இன்று கிளாம்பாக்கத்தில் திருச்சிப் பேருந்து பிடிப்பவர் திண்டிவனம் வரை 32இலும், விழுப்புரம் வரை 132இலும், அதற்குமேல் 38இலும் போகிறார். அதே நெடுஞ்சாலைப் பயணம் இப்போது மூன்று எண்களாகிவிட்டது. வழியில் பழுதாகி நிற்கும் லாரிக்காரர் தான் எந்தச் சாலையில் நிற்கிறோம் என்று போனில் சொல்லத் தடுமாறினால் குற்றம் அவருடையதல்ல.

புதிய முறையையே நாங்கள் எதிர்க்கிறோம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அதில் நல்ல ஒழுங்கு இருக்கிறது. வடக்கு தெற்காகப் போகும் சாலைக்கு இரட்டைப்படை எண். கிழக்கே சிறியதில் தொடங்கி மேற்கே போகப் போக அது பெருகும். கிழக்கு மேற்குச் சாலைக்கு ஒற்றைப்படை எண், வடக்கிலிருந்து தெற்கே வர வர ஏறும். மூன்று இலக்க எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் தாய்ச்சாலையைச் சொல்லும். திண்டிவனம்–விழுப்புரம் 132உம், விழுப்புரம்–புதுச்சேரி 332உம் 32இன் கிளைகள். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடக் கூடிய கணக்கு இது. ஆனாலும் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எங்கள் ஊர்களில் இதை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

பழகிய எண்ணுக்கு மதிப்புக் கொடுத்த நாடுகள் உண்டு. ஐரோப்பாவின் 'இ' வரிசைச் சாலைகளுக்கு 1975 ஒப்பந்தத்தின்படி புதிய எண்கள் வந்தபோது, ஸ்வீடன், நார்வே வழியாகப் போகும் இ6 சாலை இ47 ஆகியிருக்க வேண்டும். பலகைகளை மாற்றும் செலவையும் மக்கள் பழக்கத்தையும் காட்டி அந்நாடுகள் விலக்குக் கேட்டுப் பெற்றன. இ6 இன்றும் இ6தான். எங்களுக்கு அந்த அளவுகூட வேண்டாம். புதிய எண்ணின் கீழே 'பழைய 45' என்று சிறிதாக எழுதுங்கள். கிளாம்பாக்கத்திலும் பரனூர் சுங்கச்சாவடி அருகிலும், திருச்சிக்கு 32, 132, 38 என்ற வரிசையை ஒரே பலகையில் காட்டுங்கள்.

கடலோரத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஈ.சி.ஆர். என்று எல்லாரும் அழைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மாநில அரசு இட்ட எண் 49. மாமல்லபுரத்துக்குத் தெற்கே புதுச்சேரி நோக்கிப் போகும் பகுதி தேசிய நெடுஞ்சாலை 332ஏ ஆகி, நான்குவழிச் சாலையாக விரிவாக்கப்படுகிறது. மாநில நெடுஞ்சாலைக் கல்லுக்குப் பச்சைத் தலை, தேசிய நெடுஞ்சாலைக் கல்லுக்கு மஞ்சள் தலை. கோவளத்திலிருந்து கூவத்தூருக்குப் போகிறவருக்கு இந்த வேறுபாட்டால் ஆவது ஒன்றுமில்லை. இது கல்பாக்கம் அணுமின் நிலையம் இருக்கும் கரை. சுனாமியும் புயல்களும் பார்த்த கரை. வெளிமாவட்டத்திலிருந்து வரும் மீட்பு வண்டிக்கு, சாலைக்கு ஒரே எண்ணும் முறியாத கிலோமீட்டர் கணக்கும் கட்டாயம் வேண்டும். எனவே திருவான்மியூரிலிருந்து புதுச்சேரி வரை எல்லாப் பலகையிலும் 332ஏ என்ற ஒரே எண் இருக்கட்டும். அதன்கீழ் 'ஈ.சி.ஆர்.' என்ற மக்கள் வழக்கும் இருக்கட்டும். எந்தப் பகுதியை எந்த அரசு பராமரிக்கிறது என்பதைக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.

இனி எல்லை தாண்டிய எண்கள். 2003இல் ஏற்கப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்த ஆசிய நெடுஞ்சாலை ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் உண்டு. அதன்படி கொல்கத்தாவிலிருந்து வரும் ஏ.எச்.45 சென்னையைத் தொட்டுப் பெங்களூரு பக்கம் திரும்பிவிடுகிறது. ஆக்ராவில் தொடங்கும் ஏ.எச்.43 மதுரை வழியாகத் தனுஷ்கோடி வந்து, கடல் தாண்டித் தலைமன்னாரில் மீண்டும் தொடங்கி மாத்தறை வரை போகிறது. தனுஷ்கோடித் துறை 1964 புயலோடு அழிந்தது. ராமேஸ்வரம்–தலைமன்னார் கப்பலும் 1980களில் நின்றது. எண் மட்டும் தாளில் கடலைக் கடந்துகொண்டிருக்கிறது.

கப்பல் விடப்பட்டது வேறு இடத்தில். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைச் சேவை 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் வந்தது. அந்த நாகப்பட்டினத்துக்குப் போகும் சாலை எங்கள் வாசலில் ஓடும் 32தான். அக்கரையில் யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைப்பது ஏ9. போரில் மூடி, 2002இல் திறந்து, 2006இல் மீண்டும் மூடி, 2009இல் திறந்த அந்தச் சாலையை ஈழத்தமிழர் எண்ணாலேயே அழைக்கிறார்கள். ஓர் எண்ணை மாற்றாமல் விட்டால் மக்கள் மனத்தில் அது எவ்வளவு ஊன்றும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

சென்னை, செங்கல்பட்டு, புதுச்சேரி, நாகப்பட்டினம், காங்கேசன்துறை, யாழ்ப்பாணம், கண்டி என்ற இந்த வழிக்கு ஓர் ஆசிய நெடுஞ்சாலை எண் வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அந்தக் கப்பலில் வண்டிகள் ஏறுவதில்லையே என்று கேட்பார்கள். மனிதர்கள் ஏறுகிறார்கள், அது போதும். நாங்கள் பாலம் கேட்கவில்லை. வரைபடத்தில் கடற்பகுதியைப் புள்ளிக்கோடாக வரைந்து, கப்பல் உண்டா இல்லையா என்பதை உள்ளபடி குறிக்க வேண்டும். ஏ.எச்.43க்கும் இதே விதி பொருந்த வேண்டும்.

ஆசிய நெடுஞ்சாலைப் பட்டியலில் வழி சேர்க்க விரும்பும் நாடு, தொடர்புடைய அண்டை நாட்டின் இசைவைப் பெற வேண்டும் என்கிறது ஒப்பந்தம். ஆகவே முதல் முன்மொழிவை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தரவும், தமிழ்நாடு, புதுச்சேரி அரசுகள் அதை எழுத்தில் ஆதரிக்கவும் கோருகிறோம். யாழ்ப்பாணத்து வணிகர்களும் ஓட்டுநர்களும் இதே கோரிக்கையைக் கொழும்பிடம் வைக்க வேண்டுகிறோம்.