தரையிறங்கும் நொடியில் தடுமாறும் பயிற்சி விமானிகள்

சிறு ரக விமானம் ஒன்று ஓடுதளத்தில் மூக்கு குத்தி நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்தால் போதும், "பையனுக்கு ஓட்டத் தெரியவில்லை" என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடும். நடப்பது அவ்வளவு எளிதான கதை அல்ல.

பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 விமானம், தரையிறங்க ஏறக்குறைய 65 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டரில் நெருங்கி வரும். தரையைத் தொடுமுன் மூக்கை மெல்லத் தூக்கி, வேகத்தைக் குறைத்து, இரு முதன்மைச் சக்கரங்களை முதலில் பதிக்க வேண்டும். வேகம் கூடினாலோ பலமாக மோதினாலோ விமானம் பந்துபோல் எகிறும். பயந்துபோன மாணவரின் கை தானாகவே மூக்கைக் கீழே அழுத்தும். தவறு அங்கேதான். முன்சக்கரம் முதலில் மோதி, விமானம் மீண்டும் எகிறும். இரண்டு மூன்று முறை குதித்தால் முன்சக்கரத் தண்டு முறிந்து, காற்றாடி தரையில் அடிபடும்.

முழு விசை கொடுத்து மேலெழும்பி, ஒரு சுற்று வந்து மீண்டும் முயல்வதே இதற்கு வழி. 'கோ அரவுண்ட்' என்பார்கள். அது தோல்வி அல்ல என்று எல்லாப் பள்ளியும் சொல்லித்தான் கொடுக்கிறது. ஆனால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அப்பாவின் சேமிப்பு கரைகிறது என்று தெரிந்த பிள்ளைக்கு, கீழே சக மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த முடிவு சுலபமாக வராது.

முதன்முறை தனியே பறக்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. பக்கத்தில் பயிற்றுநர் இல்லாததால் விமானத்தின் எடை குறைந்து, வழக்கத்தைவிட அதிக தூரம் மிதந்து போகும். நம் நாட்டில் பிற்பகல் இடிமழைக்கு முன் வீசும் திடீர்க் காற்றும் சேர்ந்துகொண்டால் சொல்லவே வேண்டாம்.

பயிற்றுநர்களிலும் பலர், பெரிய விமான நிறுவனத்தில் சேருவதற்காகப் பறக்கும் நேரத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கும் இளைஞர்களே. வாய்ப்பு வந்ததும் போய்விடுவார்கள். பாதியில் ஆசிரியர் மாறினால் மாணவரின் பலவீனம் புதியவருக்குத் தெரிய நாளாகும்.

நம் பெற்றோர் பலர் இபிஎஃப் பணத்தை எடுத்தும், வீட்டை அடகு வைத்தும் இந்தப் படிப்புக்கு அனுப்புகிறார்கள். சேர்க்கும் நாளில் கேட்பது, எத்தனை மாதத்தில் முடியும், வேலை கிடைக்குமா என்பதுதான். பயிற்றுநர் எத்தனை முறை மாறுவார், தரையிறங்காமல் திரும்பி மேலெழும்பினால் கூடுதல் நேரத்துக்கு யார் பணம் கட்டுவது என்றும் கேட்கலாம். போக்குவரத்து அமைச்சின் கீழுள்ள வான் விபத்து புலனாய்வுப் பிரிவு தன் அறிக்கைகளை இணையத்தில் வெளியிடுகிறது. யார்மீதும் பழி சுமத்துவது அவற்றின் நோக்கம் அல்ல. கையெழுத்துப் போடும் முன் அவற்றில் இரண்டையாவது பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கலாம்.